அடிமைகளை விற்ற கணக்குப் புத்தகமே சாட்சியானது எப்படி? 'பிளாக் ஸ்டடீஸ்' ஆய்வாளர்கள் தேடுவது என்ன? முழு விளக்கம்

2018 பிப்ரவரி 9, ஒரு வெள்ளிக்கிழமை. பிரிட்டன் நிதி அமைச்சகம் தன் ட்விட்டர் பக்கத்தில் சுவாரசியத் தகவல் மாதிரி ஒரு பதிவு போட்டது. அடிமை முறையை ஒழிக்க 1833-ல் அரசு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதற்காக வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்தது. ஆகவே இப்போது வரி கட்டும் நீங்களும் அடிமை முறையை ஒழிக்க உதவியவர்கள்தான். இதுதான் அந்தப் பதிவின் சாரம்.

பெருமையாகத்தான் போட்டார்கள். வந்த எதிர்ப்பைப் பார்த்து அவர்களே நீக்கிவிட்டார்கள்.

காரணம் எளிது. அந்த 2 கோடி பவுண்டில் ஒரு பென்னிகூட அடிமையாக இருந்தவர்களுக்குப் போகவில்லை. மொத்தமும் போனது, அவர்களைச் சொத்தாக வைத்திருந்த முதலாளிகளுக்கு. அப்படியென்றால், கரீபியனில் இருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டிய ஒருவர் கட்டிய வரியும், தன் பாட்டனாரின் பாட்டனாரை வைத்திருந்தவருக்குக் கொடுத்த இழப்பீட்டின் கடனை அடைக்கப் போயிருக்கிறது!

யார் யாருக்கு எவ்வளவு போச்சு என்று இன்று பெயர் வாரியாகச் சொல்ல முடியும். ஆய்வாளர்கள் பல வருஷம் உட்கார்ந்து பழைய கணக்குகளைப் படித்ததால் கிடைத்த பலன் அது. அந்த மாதிரி ஆய்வுகளுக்கு இப்போது அமெரிக்காவில் நெருக்கடி. இந்த ஆய்வாளர்கள் யார், என்ன செய்கிறார்கள், எதற்கு இத்தனை சண்டை? பார்க்கலாம்.

'பிளாக் ஸ்டடீஸ்' என்றால் என்ன?

தமிழில் 'கறுப்பின ஆய்வுகள்' எனலாம். ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் கொண்டுபோகப்பட்ட மக்கள், அவர்களின் சந்ததிகள், அவர்களின் வரலாறு, மொழி, இசை, அரசியல், பொருளாதாரம், உடல்நலம் வரை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் துறை. வரலாறு, சமூகவியல், சட்டம், இலக்கியம், மருத்துவம் என்று பல துறைக்காரர்கள் இதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது: ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள், ஆப்பிரிக்கானா ஆய்வுகள், ஆப்பிரிக்க டயஸ்போரா ஆய்வுகள்.

இந்த 'டயஸ்போரா' என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாக 'புலம்பெயர்ந்தோர்' என்று எழுதுவோம். டெஸ்க்கில் இந்தக் கட்டுரைக்காக அப்படியே டைப் செய்துவிட்டு அழித்தேன். பட்டினப்பாலையிலேயே இருக்கிற சொல் அது. அங்கே காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து கலந்து வாழ்ந்த அயல்நாட்டாரைக் குறிக்கும். சங்கிலியில் கட்டி, கப்பலின் அடித்தளத்தில் படுக்க வைத்துக் கொண்டுபோனவர்களை எப்படி 'புலம்பெயர்ந்தோர்' என்பது? பெயர்க்கப்பட்டவர்கள் என்றால்தான் சரி.

எத்தனை பேர்?

கொஞ்ச காலம் முன்பு வரை இதற்குத் தோராயமான பதில்தான் இருந்தது. ஒருவர் ஒரு எண் சொல்வார், இன்னொருவர் வேறு எண் சொல்வார். 

டேவிட் எல்டிஸ் உள்ளிட்ட சில வரலாற்று ஆய்வாளர்கள், பல நாட்டுத் துறைமுகப் பதிவுகள், வரி ரசீதுகள், காப்பீட்டுத் தாள்கள், கப்பல் நாட்குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டி ஒரே தரவுத்தளமாக்கினார்கள். 1999-ல் சி.டி.யாக வந்தது. 2008-ல் 'ஸ்லேவ் வாயேஜஸ்' என்ற இணையதளமானது. இன்று அதில் சுமார் 36,000 கப்பல் பயணங்களின் விவரம் இருக்கிறது. கப்பலின் பெயர், கேப்டன் பெயர், ஏற்றிய இடம், இறக்கிய இடம், ஏற்றியது எத்தனை, இறக்கியது எத்தனை என்று எல்லாம்.

இதை வைத்துப் போட்ட மதிப்பீடு: 1501 முதல் 1866 வரை ஆப்பிரிக்கக் கரையில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். நடுவில் இருக்கும் 18 லட்சம் பேர் கடலில் போனவர்கள்.

இன்னொரு விஷயமும் இதில் தெளிவானது. அடிமை வணிகம் என்றதும் நமக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும், ஹாலிவுட் செய்த வேலை அது. ஆனால் இப்போதைய அமெரிக்க நிலப்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக இறக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். பிரேசிலில் மட்டும் 48 லட்சத்துக்கும் மேல்.

எண் இருக்கிறது, பெயர் எங்கே?

இதுதான் இந்தத் துறையின் பெரிய வலி. அந்தப் பதிவுகளை எழுதியது வியாபாரிகள். அவர்களுக்குத் தேவை சரக்கின் எண்ணிக்கை. சரக்குக்கு எதற்குப் பெயர்?

1781-ல் 'ஸோங்' என்ற பிரிட்டிஷ் கப்பலில் நடந்ததைச் சொன்னால் புரியும். தண்ணீர் தீர்ந்துவிடும் என்று காரணம் சொல்லி, 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. கொலை வழக்காக இல்லை, இன்சூரன்ஸ் வழக்காக! தலைக்கு 30 பவுண்டு வீதம் 'சரக்கு நஷ்டம்' தர வேண்டும் என்று கப்பல் முதலாளிகள் கேட்டார்கள். ஜூரி முதலில் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. பிறகு 1783-ல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு முன்னிலையில் நடந்த விசாரணையில் மறுவிசாரணைக்கு உத்தரவானது. கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

அந்த வழக்கு ஏடு இல்லையென்றால் இப்படி ஒன்று நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. குற்றம் செய்தவர் பணம் கேட்டு எழுதிய தாள்தான் இன்று குற்றத்துக்குச் சாட்சி. இந்த ஆய்வாளர்களின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதலாளி ஒரு காரணத்துக்காக எழுதி வைத்ததை, அவர் நினைத்துப் பார்க்காத இன்னொரு காரணத்துக்காகப் படிப்பது.

சில இடங்களில் பெயர்களும் கிடைத்தன. 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. (வணிகத்தைத்தான், அடிமை முறையை அல்ல.) அதன்பின் கடலில் பிடிபட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களை ஃப்ரீடவுன், ஹவானா நகரங்களில் இருந்த நீதிமன்றங்கள் பதிவு செய்தன. அப்படி 91 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், வயது விவரங்கள் இருக்கின்றன. எழுத்தருக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். அந்தப் பெயர்களை உச்சரித்து ஒலிப்பதிவாக்கி, இது எந்த மொழிப் பெயர், எந்த ஊர்ப் பக்கம் என்று ஆப்பிரிக்க மொழி தெரிந்தவர்களிடம் கேட்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது.

துறையாக வளர்ந்தது எப்படி?

பல்கலைக்கழகங்கள் தாமாக மனம் வந்து திறந்த துறை இல்லை இது. வெளியே வளர்ந்து, பிறகு கதவைத் தட்டி உள்ளே வந்தது.

முதலில் சொல்ல வேண்டிய பெயர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அடுத்த வருஷம் ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் குடியேறி, வீடு வீடாகப் போய் விசாரித்தார். வேலை என்ன, வாடகை எவ்வளவு, எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து 1899-ல் புத்தகமாக்கினார். 'கறுப்பர்கள் ஏழையாக இருப்பது அவர்கள் குணத்தால்' என்று பேசிக்கொண்டிருந்த காலம். வேலை தராதது யார், கூடுதல் வாடகை வாங்கியது யார் என்று இவர் எண்களோடு காட்டினார். இத்தனை செய்தவருக்கு, அந்த ஆய்வுக்கு அழைத்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் முறையான ஆசிரியர் பதவி தரவில்லை.

1900-ல் பாரிஸ் கண்காட்சிக்கு அவரும் மாணவர்களும் கையால் வரைந்து அனுப்பிய வண்ண விளக்கப்படங்களை நேரம் கிடைத்தால் பாருங்கள். இப்போது நாங்கள் தேர்தல் ரிசல்ட்டுக்குப் போடும் கிராஃபிக்ஸைவிட நன்றாகவே இருக்கும்.

அடுத்து கார்ட்டர் ஜி. உட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர். 1912-ல் ஹார்வர்டு முனைவர். 1926-ல் அவர் தொடங்கிய ஒரு வார நினைவுகூரல்தான் பிறகு வளர்ந்து, இன்று பிப்ரவரி தோறும் அமெரிக்காவில் 'கறுப்பின வரலாற்று மாதம்' ஆகியிருக்கிறது.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்த்தூரோ ஷாம்பர்க் கதை வேறு மாதிரி. கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது என்று பள்ளி ஆசிரியர் சொன்னதுதான் தன்னைத் தேட வைத்தது என்பார். வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் சேர்த்தார். 1926-ல் அந்தத் தொகுப்பு 10,000 டாலருக்கு நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்தது. ஹார்லெமில் அவர் பெயரிலேயே இன்று ஆய்வு மையம் இருக்கிறது.

1968: மாணவர்கள் நடத்திய ஸ்ட்ரைக்

பிளாக் ஸ்டடீஸ் ஒரு தனித் துறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது சான் ஃபிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில். இன்று அது பல்கலைக்கழகம்.

அங்கே பாடம் நடத்திய, பிளாக் பேந்தர் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் மர்ரே இடைநீக்கம் செய்யப்பட்டார். 1968 நவம்பர் 6-ம் தேதி மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கறுப்பின மாணவர் சங்கமும், லத்தீன், ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்த 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி'யும் சேர்ந்து 15 கோரிக்கைகள் வைத்தன. முக்கியமானது, தங்கள் வரலாற்றைத் தாங்களே படிக்க ஒரு துறை.

கல்லூரித் தலைவர் ராஜினாமா செய்தார். புதிதாக வந்தவர் எஸ்.ஐ. ஹயகாவா, மொழியியல் பேராசிரியர். டிசம்பர் 2-ம் தேதி மாணவர்களின் பிரசார வண்டி மேல் ஏறி ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். டி.வி.யில் நாடே பார்த்தது. பிற்பாடு அவர் அமெரிக்க செனட்டரானார், அதற்கு இந்தப் புகழும் ஒரு காரணம். போலீஸ் தடியடி, நூற்றுக்கணக்கில் கைது என்று நான்கரை மாதம் ஓடி, 1969 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்காவின் மிக நீண்ட மாணவர் வேலைநிறுத்தம் அதுதான்.

துறை கிடைத்தது. ஆனால் அந்தத் துறையை வடிவமைக்க அழைத்து வரப்பட்ட சமூகவியலாளர் நேதன் ஹேருக்கு வேலை போனது. மர்ரேவும் திரும்பி வரவில்லை. போராடி வாங்கிய துறையில் போராடியவர்களுக்கு நாற்காலி இல்லை. இதைக் கல்லூரி வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.

2 கோடி பவுண்டுக்கு வருவோம்

ஆரம்பத்தில் சொன்ன பிரிட்டன் கணக்கு. 1833 சட்டப்படி முதலாளிகள் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் இத்தனை அடிமைகள் இருந்தார்கள், இன்ன தோட்டம், இன்ன தீவு என்று எழுதிக் கொடுத்தால்தான் பணம். அதனால் ஒவ்வொருவரும் கவனமாக எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 46,000 கோரிக்கைகள். 2 கோடி பவுண்டு என்பது அப்போதைய அரசின் ஓராண்டுச் செலவில் 40 சதவீதம். விடுதலையான மக்களுக்கோ உடனே விடுதலைகூட இல்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் பெரும்பாலோர் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கேத்தரின் ஹால், நிக் டிரேப்பர் முதலானோர் அடங்கிய குழு 2009 முதல் இந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, 2013-ல் எல்லோரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. பெரிய தோட்ட முதலாளிகள் மட்டும் அதில் இல்லை. பாதிரியார்கள், கணவனை இழந்த பெண்கள், இரண்டு மூன்று அடிமைகளை 'முதலீடாக' வைத்து வாடகைக்கு விட்டு வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்தினர் என்று எல்லோரும் இருந்தார்கள். அடிமை முறை எங்கேயோ கரீபியனில் நடந்த தூரத்துச் சமாச்சாரம் என்று பிரிட்டனில் பேசி வந்த பேச்சு அதோடு கஷ்டமாகிப் போனது. இழப்பீட்டுப் பணம் எந்த ரயில்வே பங்கில் போனது, எந்த மாளிகையானது, எந்த வங்கிக்குள் நுழைந்தது என்று அடுத்த கட்டமாகத் தேடினார்கள்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பட்டியலில் மிகப் பெரிய தொகைகளில் ஒன்றை வாங்கியவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டன் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அடிமைகள் போன பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? கல்கத்தாவில் இருந்த ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 1838-ல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் இந்தியர்கள் பிரிட்டிஷ் கயானாவில் போய் இறங்கினார்கள். மொரிஷியஸ், டிரினிடாட், நேட்டால் என்று தொடர்ந்த ஒப்பந்தக் கூலி முறையில் இதுவும் ஒரு தொடக்கம். 1860-ல் நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' கிளம்பியது மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. ஆப்பிரிக்கர்கள் விட்ட மண்வெட்டியைத்தான் நம் ஆட்கள் எடுத்தார்கள். ஒரே தோட்டம், ஒரே முதலாளி, சட்டத்தின் பெயர் மட்டும் வேறு.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சாவளியினர் கயானாவுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள். இந்த ஆவணங்கள் வெளியே வராமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கணக்கை எரித்த நாடு

பிரேசிலில் கதை தலைகீழ். அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக, 1888-ல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. முதலாளிகள் இழப்பீடு கேட்டு நின்றார்கள். 1890-ல் நிதி அமைச்சராக இருந்த ருய் பார்போசா, அரசிடம் இருக்கும் அடிமைப் பதிவுகளை எரிக்க உத்தரவிட்டார். ஆதாரம் இல்லாவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது என்பதுதான் நோக்கம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நல்ல நோக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று தேடும் பேரனுக்கு இருந்த தடயமும் அதோடு போச்சு. தேவாலய ஞானஸ்நானப் பதிவு, நோட்டரி பத்திரம், நீதிமன்ற ஏடு என்று தீயில் சிக்காததை வைத்துத்தான் பிரேசில் ஆய்வாளர்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 2011-ல் ரியோ டி ஜெனிரோ துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டியபோது, லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்ட வலோங்கோ கப்பல்துறையின் கல்தளம் வெளிப்பட்டது. 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

ஆய்வோடு சேர்ந்த கறுப்பின இயக்கங்களின் அழுத்தத்தால் 2003-ல் பள்ளிகளில் ஆப்பிரிக்க வரலாறு கட்டாயமானது. 2012-ல் மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, அதற்குள் அந்தந்த மாநில மக்கள்தொகைப்படி கறுப்பின, பூர்வகுடி மாணவர்களுக்குப் பங்கு என்று சட்டம் வந்தது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'சமூகநீதி' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

272 பேர், ஒரு பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் புகழ்பெற்ற கத்தோலிக்கக் கல்வி நிறுவனம். 1838-ல் கடனில் தத்தளித்தது. அதை நடத்திய மேரிலாந்து இயேசு சபையினர், தங்கள் தோட்டங்களில் இருந்த 272 ஆண், பெண், குழந்தைகளை லூசியானாவுக்கு 1 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். அதில் ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைக்கப் போனது. விற்பனை ஏற்பாட்டைச் செய்தவரின் பெயரில் ஒரு கட்டடமும் இருந்தது.

2015-ல் மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். பல்கலைக்கழகம் அமைத்த குழு ஆவணங்களை ஆராய்ந்தது. விற்றவர்கள் பாதிரியார்கள் என்பதால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். அதை வைத்தே சந்ததியினரைக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் தெரிய வந்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு இப்போது ஐசக் ஹாக்கின்ஸ் என்று பெயர். விற்பனைப் பத்திரத்தில் முதல் பெயராக எழுதப்பட்டவர் அவர். 2019-ல் சந்ததியினருக்கான நிதிக்காக ஆளுக்கு ஒரு செமஸ்டருக்கு 27 டாலர் 20 சென்ட் கூடுதல் கட்டணம் தரலாம் என்று மாணவர்களே வாக்களித்தார்கள். 272 என்ற எண்ணை நினைவுபடுத்தத்தான் அந்தத் தொகை.

அவர்கள் குரலே இல்லையா?

இருக்கிறது. கேட்கத்தான் ஆள் குறைவு. எழுத்தாளரும் மானுடவியலாளருமான ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1927-ல் அலபாமா மாகாணத்தில் கொசோலா என்ற முதியவரைச் சந்தித்தார். அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டுவந்த கடைசிக் கப்பலாகக் கருதப்படும் 'க்ளோட்டில்டா'வில், 1860-ல் சட்டத்தை மீறிக் கொண்டுவரப்பட்டவர் அவர். இன்றைய பெனின் நாட்டுப் பகுதியில் பிறந்தவர். பிடிபட்ட நாள், கப்பல், விடுதலைக்குப் பின் ஊர் திரும்ப முடியாமல் அவர்களே உருவாக்கிய 'ஆஃப்ரிக்காடவுன்' குடியிருப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். ஹர்ஸ்டன் அவர் பேசிய பேச்சு வழக்கிலேயே எழுதினார். பதிப்பாளர் நல்ல மொழிக்கு மாற்றித் தரச் சொன்னார். ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். அந்தப் புத்தகம் வெளிவந்தது 2018-ல், ஹர்ஸ்டன் இறந்து 58 வருஷம் கழித்து!

வட்டார வழக்கில் எழுதினால் இலக்கியமா என்ற சண்டையைத் தமிழ் இலக்கிய வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. 2019-ல் மொபீல் ஆற்றில் க்ளோட்டில்டாவின் உடைந்த பாகங்கள் அடையாளம் காணப்பட்டன. கொசோலா சொன்னது கதையில்லை என்பதற்கு மரக்கட்டையே சாட்சி.

பழைய கதைதானே, இப்போது என்ன?

சமநிலை பற்றிய ஆய்வுகள் இங்கேதான் வருகின்றன. உதாரணத்துக்கு சிறுநீரகப் பரிசோதனை. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டு சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் 2009 முதல் பரவலாக இருந்த ஒரு சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் முடிவைச் சுமார் 16 சதவீதம் கூட்டிக் காட்டும். அதாவது ஒரே ரத்த அளவு இருந்தும், கறுப்பின நோயாளியின் சிறுநீரகம் 'பரவாயில்லை' என்று ரிப்போர்ட் வரும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயர் ஏறத் தாமதமாகும்.

இனம் என்பது உடலியல் வகையா, சமூகம் போட்ட பிரிவா என்று டோரதி ராபர்ட்ஸ் போன்ற கறுப்பின அறிஞர்கள் பல காலமாகக் கேட்டு வந்த கேள்வி இது. மருத்துவ மாணவர்களும் டாக்டர்களும் அதைக் கையிலெடுத்தார்கள். 2021-ல் இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரம் பரிந்துரைக்கப்பட்டது. 2023-ல், பழைய கணக்கால் பின்தங்கிய கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தச் சொல்லி எல்லா மாற்று மையங்களுக்கும் உத்தரவு போனது. ஆயிரக்கணக்கானோரின் காத்திருப்புக் காலம் கூட்டித் தரப்பட்டது.

சட்டத்தில் கிம்பர்லே கிரென்ஷாவின் உதாரணம் பிரபலம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். தொழிற்சாலையில் கறுப்பின ஆண்களுக்கு வேலை இருந்தது, அலுவலகத்தில் வெள்ளைப் பெண்களுக்கு வேலை இருந்தது. கறுப்பினப் பெண்களைத் தாமதமாகத்தான் சேர்த்தார்கள், ஆட்குறைப்பில் முதலில் வெளியேற்றப்பட்டது அவர்கள்தான். இனமா, பாலினமா, ஏதாவது ஒன்றைச் சொல், இரண்டையும் சேர்க்காதே என்றது 1976-ல் வந்த தீர்ப்பு. இப்படி இரண்டு தெருவும் சந்திக்கும் முனையில் அடிபடுபவரைச் சட்டம் பார்ப்பதில்லை என்று 1989-ல் கிரென்ஷா எழுதினார். 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்று இன்று எல்லோரும் சொல்லும் சொல் அங்கே பிறந்தது. தலித் பெண்களின் நிலையைப் பேசும் இந்திய ஆய்வாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அம்பேத்கர் எழுதிய கடிதம்

சாதியையும் நிறவெறியையும் ஒப்பிட்டுப் பேசுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1946-ல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்கு ஒரு மனு போயிருப்பதாகக் கேள்விப்பட்டு, தீண்டப்படாதோர் சார்பிலும் அப்படிச் செய்ய யோசிப்பதாகச் சொல்லி, பிரதி கேட்டார். டு பாய்ஸ் அந்த ஜூலை 31-ம் தேதி பதில் அனுப்பினார். இரண்டு கடிதங்களும் டு பாய்ஸின் ஆவணங்களோடு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1972-ல் மும்பையில் உருவான தலித் பேந்தர் அமைப்பு பெயரையே பிளாக் பேந்தரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இரண்டும் ஒன்றா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆலிவர் காக்ஸ் 1948-லேயே சாதி வேறு, இனவெறி வேறு என்று வாதிட்டார். இஸபெல் வில்கர்சன் 2020-ல் எழுதிய நூல் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. ஒப்பிடலாம், ஆனால் அப்படியே பொருத்தினால் இரண்டுமே மங்கலாகிவிடும் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது என்ன பிரச்சனை?

2022-ல் அமெரிக்காவில் சுமார் 60 உயர்நிலைப் பள்ளிகளில் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள் என்ற பாடம் சோதனை முயற்சியாக வந்தது. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடா மாகாணம் அதை நிராகரித்தது. இன்டர்செக்‌ஷனாலிட்டி, இழப்பீடு கோரும் இயக்கம் போன்ற பகுதிகள் பாடமல்ல, அரசியல் என்றது. அதே வருஷம் ஜூன் 29-ம் தேதி, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் அரசுப் பல்கலைக்கழகங்களில் இருந்த 'டி.இ.ஐ.' அலுவலகங்கள் சட்டப்படி மூடப்பட்டன. 2025 ஜனவரியில் பதவியேற்ற உடனே அதிபர் டிரம்ப், டி.இ.ஐ. திட்டங்களுக்கு எதிராக உத்தரவுகளில் கையெழுத்திட்டார்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. டி.இ.ஐ. என்பது பன்முகத்தன்மை, சமநிலை, அனைவரையும் சேர்த்தல் ஆகியவற்றுக்கான நிர்வாக ஏற்பாடு. பிளாக் ஸ்டடீஸ் என்பது பாடத்துறை. ஒன்று ஆபீஸ், இன்னொன்று வகுப்பறை. அரசியல் மேடையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறார்கள். ஆபீஸை மூடச் சொன்னால் வகுப்பறைக்கும் நிதி வருமா என்ற பயம் அதனால்தான்.

எதிர்ப்பவர்கள் தரப்பு வாதமும் இருக்கிறது. மூதாதையர் செய்த தப்புக்கு இன்றைய வெள்ளைக் குழந்தையைக் குற்ற உணர்ச்சியில் நிறுத்தக் கூடாது, வரிப்பணத்தில் ஒரு தரப்பு அரசியலை நடத்தக் கூடாது என்கிறார்கள். துறைக்கு நெருக்கமானவர்களின் வேலையிலும் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டிருக்கின்றன. 2019-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட '1619 திட்டம்' கட்டுரையில், குடியேற்றவாசிகள் சுதந்திரம் அறிவித்ததற்கு அடிமை முறையைக் காப்பதும் ஒரு முக்கியக் காரணம் என்ற ரீதியில் இருந்த வரியை வரலாற்று அறிஞர்கள் எதிர்த்தார்கள். 'சிலருக்கு' என்று பத்திரிகை பின்னர் திருத்தியது. ஆதாரம் காட்டிச் சொன்னார்கள், திருத்தினார்கள். பாடத்தையே எடுத்துவிடு என்பது வேறு வகை.

நீங்களே பார்க்கலாம்

இந்தத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் இலவசம், மொபைலிலேயே திறக்கும். 'ஸ்லேவ் வாயேஜஸ்' தளத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளியாக அட்லாண்டிக்கைக் கடப்பதைக் காட்டும் வரைபடம் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் தளத்தில் முதலாளியின் பெயரோ தோட்டத்தின் பெயரோ போட்டுத் தேடலாம். மொரிஷியஸ் கணக்கும் அதில் இருக்கிறது.

இந்தியா அதில் வராது. 1833 சட்டத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் விலக்கு கொடுத்துவிட்டார்கள். இங்கே அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கியது 1843-ல் வந்த தனிச் சட்டம். அதில் யாருக்கும் இழப்பீடு கிடையாது. அதனால் எவரும் விண்ணப்பம் எழுதவில்லை, அந்த மாதிரிப் பெயர்ப் பட்டியலும் நமக்கு இல்லை.